கரகரவென்று வரும் சத்தம்: மதர்போர்டை மாற்றுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு டெஸ்க்டாப்பில் பாட்டு கேட்டாலும் படம் பார்த்தாலும் நடுநடுவே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம். விண்டோஸ் 11, மதர்போர்டோடு வந்த ரியல்டெக் ஆடியோ, 2.1 ஸ்பீக்கர். படத்தை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. பெரிய ஃபைல் இறக்கும்போதும் கேம் ஆடும்போதும் அதிகமாகிறது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாயிற்று, விண்டோஸை அழித்து மறுபடி போட்டாயிற்று, இரண்டுக்கும் மசியவில்லை. கடையில் கேட்டால் "ஆடியோ சிப் போச்சு சார், போர்டையே மாத்தணும்" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். இன்றைக்கு வேண்டாம் என்று மட்டுமாவது உறுதியாகச் சொல்வேன். மதர்போர்டில் இருக்கும் ஆடியோ சிப் கெட்டால் பெரும்பாலும் மொத்தமாக ஊமையாகிவிடும், இல்லையென்றால் விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலிருந்தே காணாமல் போய்விடும். நன்றாகப் பாடிக்கொண்டே நடுவில் மட்டும் இருமுகிற சிப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் வேறு இடத்தைக் காட்டுகின்றன.

"கரகரப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. பாட்டு ஓடும்போது அதை நிறுத்துங்கள். ஸ்பீக்கரை அணைக்க வேண்டாம், பாட்டை மட்டும். பாட்டு நின்ற பிறகும் இரைச்சல் இருந்தால் அது மின்சாரத்திலிருந்தோ வயரிலிருந்தோ நுழைகிற இரைச்சல். பாட்டோடு சேர்ந்து அதுவும் நின்றுவிட்டால் கோளாறு பாட்டோடு பயணிக்கிறது: ஒன்று கம்ப்யூட்டருக்குள் எண்களாக இருக்கும்போதே கெட்டிருக்க வேண்டும், அல்லது ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்க வேண்டும். நீங்கள் ஸ்பீக்கரை மாற்றிவிட்டீர்கள், ஆகவே இரண்டாவது அடிபட்டுப் போகிறது. ஃபைல் இறக்கும்போது அதிகமாகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. ஸ்பீக்கருக்கோ வயருக்கோ நீங்கள் ஃபைல் இறக்குவது தெரியப் போவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலி கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. நொடிக்கு 48,000 எண்கள், இடப்பக்கத்துக்கு ஒரு வரிசை, வலப்பக்கத்துக்கு ஒரு வரிசை. ப்ராசசர் இவற்றை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு சின்னத் தொட்டியில் கொஞ்சம் கொட்டி வைக்கிறது, ஆடியோ சிப் அதிலிருந்து ஒரே சீராக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொட்டிக்குப் பெயர் பஃபர். விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி நொடிக்கு ஒருமுறை அதை நிரப்புகிறது, அதாவது ஒரு தடவைக்கு 480 எண்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் குழாய் என்ன செய்யும்? புஸ்ஸென்று காற்றைத் துப்பும், கொஞ்சம் தண்ணீர் விடும், மறுபடி காற்று. உங்கள் ஸ்பீக்கரில் பொரிவது அந்தக் காற்றுதான். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும்போது பாட்டின் கடைசித் துணுக்கு 'டடடடட' என்று விடாமல் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நிரப்ப ஆளில்லாத தொட்டியில் மிச்சமிருக்கும் பழைய எண்களையே சிப் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது, அவ்வளவுதான்.

சரி, தொட்டியை நிரப்ப ஏன் தாமதமாகிறது? "நல்ல ப்ராசசர்தானே போட்டிருக்கிறேன்" என்று எல்லாரும் கேட்பார்கள். வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றும் அவ்வப்போது "என்னை உடனே கவனி" என்று ப்ராசசரைக் கூப்பிடும். அப்போது அந்தக் கருவியின் டிரைவர், அதாவது அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், வரிசையைத் தாண்டி முன்னால் வந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும். அது முடிக்கும்வரை அந்த ப்ராசசர் கோரில் மற்ற வேலைகள் காத்திருக்க வேண்டியதுதான். வங்கிக் கவுன்டரில் "ஒரே ஒரு கையெழுத்துதான் சார்" என்று நடுவில் நுழைபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே ஒரு கையெழுத்து என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி நுழையும் வேலை 100 மைக்ரோ நொடியைத் தாண்டக் கூடாது என்று டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லி வைத்திருக்கிறது. மோசமாக எழுதப்பட்ட டிரைவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் மைக்ரோ நொடிகளைத் தின்னும். 10 மில்லி நொடி என்பது 10,000 மைக்ரோ நொடி. இரண்டு பேர் அடுத்தடுத்து நுழைந்தால் தொட்டி காலி.

விண்டோஸை மறுபடி போட்டும் ஏன் போகவில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடும். புது விண்டோஸ் இன்டர்நெட்டைத் தொட்டதும் அதே பழைய டிரைவரைத் தானாகவே கொண்டுவந்து போட்டுவிடுகிறது. வீட்டை வெள்ளையடித்துவிட்டு அதே வாடகைக்காரரைக் குடிவைத்த கதை.

நுழைபவர் யார் என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதை ஓடவிட்டு, பாட்டையும் போட்டு, வழக்கமாகக் கரகரப்பு வரும் வேலையைப் பத்துப் பதினைந்து நிமிடம் செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் ஒரு பெரிய ஃபைலை இறக்குவது. பிறகு டிரைவர்கள் உள்ள பக்கத்துக்குப் போய், அதிக நேரம் எடுத்தவர் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஃபைல் பெயர்கள் வாய்க்கு நுழையாது, கவலை வேண்டாம். பக்கத்திலேயே அது எந்த நிறுவனத்தின் என்ன டிரைவர் என்று போட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: என்டிஐஎஸ் என்று தொடங்கும் விண்டோஸின் சொந்த நெட்வொர்க் ஃபைல் முதலிடத்தில் வந்தால் விண்டோஸைத் திட்டாதீர்கள். அது வெறும் வாசல். அதன் வழியாக உள்ளே வருவது உங்கள் வைஃபை அல்லது லேன் கார்டின் டிரைவர்.

லேட்டன்சிமான் காட்டும் படத்தை முழுசாக நம்பி உட்காராமல், சந்தேகப்படுபவரைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை கார்டின் மேல் வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். டிஸ்கில் இருக்கும் ஒரு பாட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கரகரப்பு வரவே இல்லையா? ஆள் அகப்பட்டார். கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரைப் போடுங்கள். சில சமயம் பழைய டிரைவர்தான் நல்லதாக இருக்கும், அதையும் முயலுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் சொந்தச் சூடு. சில வருடங்களுக்கு முன் என் கம்ப்யூட்டரிலும் இதே பொரிச்சல். எல்லாரும் சொன்னபடி தனி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகினேன். புது கார்டிலும் அதே சத்தம், இன்னும் கொஞ்சம் துல்லியமாகக் கேட்டது. இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, ஒருநாள் பின்னால் தூசி தட்டுவதற்காக விரல் நீளமுள்ள யூஎஸ்பி வைஃபை குச்சியைப் பிடுங்கினேன். சத்தம் போய்விட்டது. அந்த சவுண்ட் கார்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வைஃபை இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மேல். கேம் ஆடும்போதும் அதிகமாகிறது என்கிறீர்கள், ஆகவே இரண்டு பேருமே குற்றவாளிகளாக இருக்கவும் இடமுண்டு. அப்புறம் மின்சேமிப்பு. வேலை குறைந்தால் ப்ராசசர் குட்டித் தூக்கம் போடும், எழுந்து வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஹை பர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி ஒரு நாள் பாருங்கள். கரகரப்பு போனால் அப்படியே விட்டுவிடலாம். டெஸ்க்டாப்பில் இதனால் ஏறும் கரண்ட் பில்லைவிட மின்விசிறியை அணைக்க மறப்பதால் ஏறுவது அதிகம்.

உங்களுடையது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசசரா என்று நீங்கள் சொல்லவில்லை. ரைசன் என்றால் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. சில ரைசன் போர்டுகளில் யூஎஸ்பி கருவிகள் கணநேரம் துண்டிக்கப்பட்டு வந்ததை 2021 பிப்ரவரியில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் மூலம் சரிசெய்தது. யூஎஸ்பி ஹெட்செட் வைத்திருந்தவர்களுக்கு இது கரகரப்பாகவும் வெட்டுவெட்டாகவும் தெரிந்தது. இரண்டாவது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. விண்டோஸ் 11 கேட்கிறது என்பதற்காக டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியைப் பலரும் பயாஸில் இயக்கி வைத்திருக்கிறோம். ரைசனில் அது ப்ராசசரோடு சேர்ந்தே வருகிறது. தனக்கு வேண்டியதை பயாஸ் சிப்பில் எழுதி வைக்கும். சில கம்ப்யூட்டர்களில் அந்த வேலை நடக்கும் நேரத்தில் மொத்த இயந்திரமும் ஓரிரு நொடி திக்கி, பாட்டும் சேர்ந்து இழுத்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டி இதையும் ஒப்புக்கொண்டது, அந்த வருடம் மே மாதத்திலிருந்து இதைச் சரிசெய்யும் பயாஸ்கள் வரத் தொடங்கின. ஆகவே போர்டு அதற்கு முன் வாங்கியதாக இருந்து, பயாஸை ஒருமுறைகூட நீங்கள் தொட்டதில்லை என்றால், அப்டேட் செய்யுங்கள். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் அப்போதுதான் நிஜமாகவே போர்டை மாற்ற வேண்டி வரும்.

ஆடியோ டிரைவரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ரியல்டெக்கின் டிரைவருக்குப் பதிலாக விண்டோஸிலேயே ஒரு பொது ஆடியோ டிரைவர் இருக்கிறது, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில். டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக்கின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவர் அப்டேட் என்று போய், கம்ப்யூட்டரில் இருப்பதிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வழியில் போனால் அது கிடைக்கும். ஐந்து நிமிட வேலை, பிடிக்கவில்லையென்றால் அதே வழியில் திரும்பிவிடலாம். இதைப் போட்டதும் கரகரப்பு நின்றுவிட்டால் ரியல்டெக்கின் அலங்கார வசதிகளை இழப்பீர்கள், குளியலறை எதிரொலி, அரங்க எதிரொலி போன்றவை. யாரும் அழ மாட்டார்கள்.

இதோடு சேர்த்து ஒரு இடம். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ். உங்கள் ஸ்பீக்கரின் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம். அங்கே 24 பிட் (ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதன் அளவு), 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 1,92,000 என்று பெரிய எண்ணாகப் போட்டால் ஒலி தரமாகிவிடும் என்று நினைத்துச் சிலர் வைத்திருப்பார்கள். சிடியில் இருப்பதே 44,100தான், அதற்கு மேல் ஏற்றினால் இல்லாத விவரம் புதிதாக வராது, டிரைவருக்கு வேலைதான் கூடும். என்ஹான்ஸ்மென்ட் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். குறிப்பாக எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கும் லவுட்னஸ் வசதி.

ஏன் அதை மட்டும் தனியாகச் சொல்கிறேன் என்றால், இன்னொரு வகைக் கரகரப்பு இருக்கிறது. பொரிவதுபோல் இல்லாமல் கிழிவதுபோல் கேட்கும், அதுவும் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மட்டும். 16 பிட் ஒலியில் ஒரு எண் 32,767ஐத் தாண்ட முடியாது. நீங்கள் இரண்டு மடங்கு கூட்டச் சொன்னால் அலையின் தலை அந்தக் கூரையில் மோதித் தட்டையாக வெட்டப்படும். வெட்டுப்பட்ட தலைதான் காதில் கிழிசலாகக் கேட்கிறது. வால்யூமை 600 சதவீதம் ஏற்றுவதாகச் சொல்லும் பிரவுசர் நீட்சிகள், விஎல்சியில் 100ஐத் தாண்டி இழுப்பது, ஈக்வலைசரில் எல்லாக் கோட்டையும் மேலே தள்ளி வைப்பது, இவை எல்லாம் செய்வது இதைத்தான். பாஸ் அதிகம் வேண்டுமென்றால் மற்றதைக் குறைத்து, ஸ்பீக்கரின் குமிழைத் திருப்புங்கள். கம்ப்யூட்டரில் 80 சதவீதம் அளவில் வைத்துவிட்டு மீதியை ஸ்பீக்கரில் கூட்டுவது என் வழக்கம். நேர்மாறாக, கம்ப்யூட்டரில் 10, ஸ்பீக்கரில் முழுசு என்று வைத்தால், பாட்டு மெல்லியதாகி வயரில் வரும் இரைச்சல் பெரிதாகிவிடும்.

உங்களுக்கு இது இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் இதே கேள்வியோடு வரும் பாதிப் பேருக்கு இருப்பது அடுத்த வகை. பாட்டை நிறுத்தினாலும் நிற்காத 'ஊம்ம்ம்' என்ற ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த 50ம் அதன் இரட்டிப்பான 100ம் ஸ்பீக்கரில் கேட்டால் அதுதான் இந்த ஊம். கையை வைத்துப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெறுங்காலோடு கேபினட்டின் உலோகத்தைத் தொட்டபோது சுள்ளென்று எறும்பு கடித்ததுபோல் இருந்திருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிளக் பாயின்டில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், எர்த் இல்லை. கம்ப்யூட்டரின் மின்சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு மின்வழிகளிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் வழியாக வெளியேற வேண்டிய கசிவுக்கு வழியில்லாமல் போனால் கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில், அதாவது 230இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் கடிப்பதோடு விட்டுவிடுகிறது. அந்தக் கசிவு வெளியேற ஆடியோ வயரின் மேலுறையைப் பிடித்துக்கொண்டால் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும். கடையில் போய்ப் போட்டுக் காட்டினால் சத்தமே வராமல், "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே எர்த் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வதுதான் இதற்கு மருந்து, ஒலிக்காக மட்டுமில்லை.

எர்த் இருந்தும் ஊம் வந்தால் அது இரண்டு எர்த் சண்டை. கம்ப்யூட்டர் ஒரு பாயின்டில், ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவர்ப் பாயின்டில், அல்லது கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ, டிவியிலிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்குக் கேபிள். ஒவ்வொரு இடத்திலும் எர்த் மட்டம் கொஞ்சம் வேறாக இருக்கும், அந்த வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கினால் நிற்கிறதோ அதுதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறது, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மலிவானதில் பாஸ் கொஞ்சம் அடிபடும். மூன்றாவது பின்னை முறித்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகும், உண்மைதான். பிறகு ஒருநாள் உள்ளே வயர் உரசினால் கேபினட்டில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். செய்யாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரக்கிறதா? அது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கோணல்மாணலான அந்த அலையில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்ந்தே வரும், ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது 'டப்' என்பதும், பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் உர்ர் என்பதும் இதே குடும்பம். ஒரு காலத்தில் ஃபோன் வருவதற்கு ஒரு நொடி முன்பே ஸ்பீக்கர் 'டிட் டிடிட் டிடிட்' என்று சொல்லிவிடும், நினைவிருக்கிறதா? 2ஜி ஃபோன்கள் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை வீசியதை ஸ்பீக்கர் வயர் ஆன்டெனாபோலப் பிடித்த சத்தம் அது. 4ஜிக்குப் போன பிறகு அந்த முன்னறிவிப்பு போய்விட்டது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மவுஸை நகர்த்தினால் 'கீச்ச்' என்று மாறும் இரைச்சல் பெரும்பாலும் கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் வருவது. முன்பக்க ஜாக்கிலிருந்து போர்டின் கீழ் ஓரம்வரை ஒரு மெல்லிய வயர் போகிறது, பல கேபினட்களில் அது கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டே போகும், மேலுறை பெயருக்குத்தான். பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் பின்னாலிருந்தே ஒரு நீட்டிப்பு வயர் இழுத்து முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், முன்பக்கத்தை மறந்துவிடுங்கள்.

ஜாக் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. பாட்டில் வாத்தியமெல்லாம் கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது என்றால் ஜாக்கில் செருகும் பின் முழுசாக இறங்கவில்லை, பொது வயர் தொடவில்லை என்று அர்த்தம். அப்போது ஸ்பீக்கருக்குப் போவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னில் நாலு உலோகப் பகுதி உள்ள மொபைல் இயர்ஃபோனைச் சில டெஸ்க்டாப் ஜாக்குகளில் செருகினாலும் இப்படி ஆகும். பின்னை மெல்லத் திருப்பும்போது சத்தம் வந்து வந்து போனால் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கடற்கரை ஊர்களில் பின்னில் கறுப்போ பச்சையோ படிவது சகஜம். ஸ்பீக்கரின் வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழுக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சல், பிறகு இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் போய்விடும்.

யூஎஸ்பி ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. பென் டிரைவுக்குப் போகும் தகவலில் பிழை வந்தால் மறுபடி அனுப்பப்படும், யூஎஸ்பியில் போகும் ஒலிக்கு அந்த வசதி இல்லை, தவறினால் தவறியதுதான். ஹப்பில் செருகாமல் போர்டின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருந்து, மீட்டிங் தொடங்கியதும் பழைய டெலிஃபோன்போல் ஆகிவிட்டால் அது கோளாறே இல்லை: மைக்கை இயக்கியதும் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறி நொடிக்கு 8,000 அல்லது 16,000 எண்களுக்கு இறங்கிவிடுகிறது. மைக்குக்கு வேறு ஏதாவது பயன்படுத்துங்கள். ப்ளூடூத் விட்டுவிட்டு வந்தால், பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். அது ப்ளூடூத் வேலை செய்யும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு முழ நீட்டிப்பு வயரில் ப்ளூடூத் குச்சியைத் தள்ளி வைத்தால் போதும்.

இத்தனையும் பார்த்துவிட்டு இன்னும் பொரிகிறதென்றால், கடைக்குப் போவதற்கு முன் கடைசிச் சோதனை. உபுன்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். விண்டோஸும் அதன் டிரைவர்களும் இப்போது தூங்குகின்றன. ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு நல்ல ஹெட்ஃபோனைப் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் செருகி ஒரு மணி நேரம் பாட்டுக் கேளுங்கள், நடுவில் எதையாவது இறக்கவும் செய்யுங்கள். சுத்தமாகக் கேட்டால் சிப் நலமாக இருக்கிறது, திரும்பப் போய் வைஃபை டிரைவரோடு மல்லுக்கட்டுங்கள். பாட்டு தொடங்கும்போது மட்டும் ஒரு 'டப்' வந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது சிப் தூக்கத்திலிருந்து எழும் சத்தம். லினக்ஸிலும் அதே மாதிரி பொரிந்தால்தான் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம்.

அப்போதும் போர்டை மாற்ற வேண்டாம். இயர்ஃபோன் ஓட்டை இல்லாத மொபைல்களுக்கென்று ஒரு விரல் நீளத்தில் டைப் சி வயர் விற்கிறார்கள் அல்லவா, அதில் பலவற்றுக்குள் இருப்பது ஒரு முழு சவுண்ட் கார்டு. வாங்கும்போது டிஏசி (எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் சிப்) உள்ளதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேபினட்டின் பின்பக்கம் டைப் சி இருந்தால் நேராக, இல்லாவிட்டால் சாதாரண யூஎஸ்பிக்கு மாற்றும் முனையோடு செருகி, ஸ்பீக்கரை அதில் மாட்டுங்கள். பயாஸுக்குப் போய் மதர்போர்டின் ஆடியோவை அணைத்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.